விலை உயர்ந்த பவர் கேபிள் மாட்டினால் பாட்டு நன்றாகக் கேட்குமா? திரிங்காப் கரண்டை வைத்து ஒரு கணக்கு

பிரிஞ்சாங்கில் இருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், இரவு நேரத்தில் திரிங்காப்பைக் கடந்திருக்கிறீர்களா? மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே வரிசை வரிசையாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவை சாமந்திப் பூத் தோட்டங்கள். இரவு நீண்டால் சாமந்தி சீக்கிரமே மொட்டு விட்டுவிடும். தண்டு உயரமாக வளர்ந்த பிறகு பூத்தால்தான் சந்தையில் விலை. அதற்காக விளக்கைப் போட்டு, இன்னும் பொழுது சாயவில்லை என்று செடியை ஏமாற்றுகிறார்கள். பக்கத்திலேயே காய்கறித் தோட்டங்கள், தண்ணீர் பம்புகள், காய்கறி வைக்கும் குளிர் அறைகள்.

அந்த விளக்குக்கும் பம்புக்கும் போகிற அதே கரண்டில்தான், கீழே ஒரு வீட்டின் ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரும் ஓடுகிறது. பம்பு ஓடத் தொடங்கும்போது வீட்டு லைட் லேசாக மங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். லைட்டே மங்குகிறது என்றால் பாட்டு கெடாதா? நியாயமான கேள்விதான்.

இந்தக் கேள்விக்குள்தான் ஒரு வியாபாரம் நுழைகிறது. "நம்ம ஊரு கரண்டு சுத்தமா இல்லங்க, அதான் பேஸ் லூசா கேக்குது. இந்த கேபிள மாத்திப் பாருங்க." விரல் தடிமனில், பாம்புத் தோல் மாதிரி பின்னிய உறை போட்ட பவர் கேபிள்கள் இணையக் கடைகளில் நூறு ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரக்கணக்கான ரிங்கிட் வரை விற்கின்றன. ஆம்ப்ளிஃபையரோடு இலவசமாக வந்த கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் குரல் தெளியும், பேஸ் இறுகும், பின்னணி அமைதியாகும் என்கிறார்கள்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் இருந்து 1,700 ரிங்கிட். 800 ரிங்கிட் கேபிள் என்றால் அதில் ஏறக்குறைய பாதி. தோட்டத்தில் வளர்ந்து, முதல் வேலையில் சேர்ந்து, முதன்முதலாக ஒரு நல்ல ஸ்பீக்கர் செட் வாங்கியவருக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால் கேள்வியை ஒழுங்காகவே பார்ப்போம்.

சுருக்கமான பதில்: பழைய வயர் பழுதில்லாமல், சரியான தடிமனில் இருந்தால், புது கேபிள் போட்டதால் உங்கள் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஏன் என்பதுதான் சுவாரசியம். அதைவிட முக்கியம், வீட்டில் நிஜமாகவே கேட்கிற அந்த "உம்ம்ம்" சத்தம் எங்கே இருந்து வருகிறது என்பது.

ஆம்ப்ளிஃபையருக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தாண்ட வேண்டும். சுவரில் இருந்து வரும் கரண்டு, பாட்டாக மாறி ஸ்பீக்கருக்குப் போவதில்லை. பாட்டு வேறு வழியில் வருகிறது: ஃபோனில் இருந்தோ, சிடியில் இருந்தோ, மின்னல் எஃப்எம்மில் இருந்தோ. சுவரில் இருந்து வருவது வெறும் சக்தி.

தோட்டத்து வீடுகளில் தண்ணீர் எப்படி வரும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே மலை ஊற்றில் இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் ஒரு தொட்டியில் விழும். வரும் தண்ணீர் ஒரு நேரம் வேகமாக வரும், ஒரு நேரம் விக்கி விக்கி வரும். ஆனால் சமையலறைக் குழாயைத் திறந்தால் சீராகத்தான் ஒழுகும், ஏனென்றால் அங்கே வருவது தொட்டியில் நிற்கும் தண்ணீர்.

ஆம்ப்ளிஃபையருக்குள்ளும் தொட்டி உண்டு. சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகிறது. அது வோல்ட்டேஜைக் குறைக்கிறது. அடுத்து ரெக்டிஃபையர், முன்னும் பின்னும் ஆடுகிற கரண்டை ஒரே திசைக்குத் திருப்புகிறது. அதன்பிறகு கட்டைவிரலைவிடத் தடித்த கெப்பாசிட்டர்கள். இவைதான் தொட்டி. மலேசியக் கரண்டு விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு முறை, அதாவது விநாடிக்கு 100 முறை இந்தத் தொட்டி நிரப்பப்படுகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. மெல்லிய சிக்னலைக் கையாளும் பகுதிகளுக்கு இன்னொரு படியும் உண்டு: ரெகுலேட்டர். வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே அளவைத்தான் வெளியே விடும்.

ஆக, சுவர்க் கரண்டின் ஆட்டபாட்டம் எல்லாம் பாட்டைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதை அடக்குவதற்குத்தான் ஆம்ப்ளிஃபையரின் எடையில் பாதியும் விலையில் கணிசமான பங்கும் போகிறது. ஒழுங்காக வடிவமைத்த ஓர் ஆம்ப்ளிஃபையருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் மந்திர வயர் தேவைப்பட்டால், அந்த ஆம்ப்ளிஃபையரைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சரி, எண்ணில் சொல்லுங்கள்

வயர் செய்யும் வேலை ஒன்றுதான்: கரண்டைக் கடத்துவது. கடத்தும்போது அதன் மின்தடையால் கொஞ்சம் வோல்ட்டேஜ் குறையும். எவ்வளவு?

பெட்டியோடு வரும் சாதாரண வயரில் செம்பின் குறுக்களவு பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர். அது மீட்டருக்கு சுமார் 26 மில்லி ஓம் தடை தரும். ஒன்றரை மீட்டர் வயர், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, மொத்தம் 3 மீட்டர். தடை 0.078 ஓம். இப்போது தடித்த கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நீளத்துக்கு 0.024 ஓம்.

ஆம்ப்ளிஃபையர் 100 வாட் இழுக்கிறது என்றால் (வீட்டில் அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிற அளவுக்கு சத்தம் வைத்தால்தான் சராசரி இவ்வளவு போகும்), கரண்டு சுமார் 0.43 ஆம்பியர். பழைய வயரில் குறைவது 0.034 வோல்ட். புதிய கேபிளில் 0.010 வோல்ட். வித்தியாசம் 0.024 வோல்ட். 230இல் அது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

"கெப்பாசிட்டர் கரண்டை சீரா இழுக்காது, அலையோட உச்சியில மட்டும் குப்புன்னு இழுக்கும்" என்று விவரம் தெரிந்தவர் ஒருவர் மறுப்பார். உண்மைதான். அந்த நொடியில் கரண்டு சராசரியைப் போல ஏழு மடங்கு, 3 ஆம்பியர் என்றே வைப்போம். அப்போதும் வித்தியாசம் 0.16 வோல்ட். அந்த நேரத்தில் அலையின் உச்சி 325 வோல்ட்டில் நிற்கிறது. இருபது வெள்ளிக் காசு கணக்கில் ஒரு சென்.

இப்போது கேபிளுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். வீட்டு மெயின் பெட்டியில் இருந்து உங்கள் பிளக் பாயிண்ட் வரை சுவருக்குள் ஓடும் வயர் வழக்கமாக 2.5 சதுர மில்லிமீட்டர். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர், தடை 0.22 ஓம். பழைய கறுப்பு வயரின் தடையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு! இதை நீங்கள் மாற்றப் போவதில்லை. அதற்கும் வெளியே மின்கம்பம், துணை மின்நிலையம், மலையேறி வரும் உயரழுத்தக் கம்பி.

மலேசியாவில் 2008இல் இருந்து வீட்டு மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட். மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு ஏற இறங்க அனுமதி உண்டு. அதாவது 216 வோல்ட்டில் இருந்து 253 வோல்ட் வரை எது வந்தாலும் அது சட்டப்படி சரியான கரண்டு. 37 வோல்ட் ஆட்டத்தைத் தாங்கும்படி கட்டிய கருவியிடம் போய் 0.024 வோல்ட்டைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம். ஊரெல்லாம் மண் சாலை, வாசப்படிக்கு மட்டும் மார்பிள்.

கேபிள் விற்பவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு: "அது கடைசி ஒன்றரை மீட்டர் இல்லீங்க, ஆம்ப்ளிஃபையர் பக்கம் இருந்து பாத்தா அதுதான் முதல் ஒன்றரை மீட்டர்." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மின்தடைகள் வரிசையாக இருக்கும்போது எது முதல், எது கடைசி என்பது கணக்கில் வராது. கூட்டினால் ஒரே தொகைதான்.

எந்த ஆற்றுக் கரண்டு?

இடையில் ஒரு சின்னத் திருப்பம். கேமரன் மலைக்காரர்களுக்கு மின்சாரம் எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு உண்டு. திரிங்காப்பைத் தாண்டினால் வருகிற கோலா தெர்லாவிலும் அடுத்து கம்போங் ராஜாவிலும் சிறிய நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட்டைக்கூட எட்டாதவை. இந்தப் பக்கத்து தெலோம் ஆற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை அதைத் தேக்குகிறது. அங்கிருந்து மறுபடியும் சுரங்கம், கீழே 100 மெகாவாட் சுல்தான் யூசுப் மின்நிலையம். 1963இல் முடிந்த திட்டம் இது.

அப்படியானால் திரிங்காப் பிளக்கில் வருவது சுத்தமான ஆற்றுக் கரண்டா? சொல்ல முடியாது. தீபகற்பம் முழுவதும் ஒரே மின்வலை. அதில் நிலக்கரியும் எரிவாயுவும் ஆறும் சூரியனும் கலந்துதான் ஓடுகின்றன. நீர்மின்சாரத்தில் சத்தம் தெளிவாக இருக்கும், அனல்மின்சாரத்தில் சூடாக இருக்கும் என்று ஜப்பானிய ஆடியோ ரசிகர்களிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு. கிண்டல்தான். ஆனால் அதே ஜப்பானில் 82 வயது வழக்கறிஞர் ஒருவர், தன் வீட்டு ஸ்டீரியோவுக்காக வாசலில் சுமார் 40 அடி உயரத்தில் தனி மின்கம்பமே நட்டுக்கொண்டார். 2016இல் அது செய்தியாக வந்தது. செலவு ஏறத்தாழ 10,000 அமெரிக்க டாலர். அவரை நினைத்துச் சிரிக்கலாம், ஆனாலும் கேபிளை மட்டும் மாற்றுகிறவரைவிட அவர் ஒரு படி தர்க்கமானவர்: கெடுவது கரண்டுதான் என்று நம்பினால், கம்பத்தில் இருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்?

கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

கணக்கு ஒரு பக்கம். "நான் காதால கேட்டேன், வித்தியாசம் இருக்கு" என்பவரை என்ன செய்வது? அதற்கும் சோதனை நடந்திருக்கிறது.

2004இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஆடியோ ரசிகர் சங்கம் ஒன்று ஓர் ஒலிக்கருவி இதழோடு சேர்ந்து பவர் கேபிள் சோதனை நடத்தியது. ஒரு பக்கம் சாதாரண வயர். மறுபக்கம் ஒன்றுக்கு 2,500 டாலர் விலையுள்ள கேபிள்கள். கேட்டவர்கள் 15 பேர், எல்லாருமே இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள். முதலில் "இது ஏ", "இது பி" என்று சொல்லிக் கேட்க வைத்தார்கள். பிறகு எது என்று சொல்லாமல் ஒன்றை மாட்டி, ஏவா பியா என்று கேட்டார்கள். 149 முயற்சிகளில் 73 சரி. அதாவது 49 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டு பூவா தலையா பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே விடைதான் கிடைத்திருக்கும்.

இந்தச் சோதனைக்கும் விமர்சனம் உண்டு. கேபிளை மாற்ற ஒவ்வொரு முறையும் கருவியை அணைக்க வேண்டியிருந்தது. இடையில் நேரம் போனது. ஒலியின் நுணுக்கம் நினைவில் சில விநாடிக்கு மேல் நிற்காது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் புது கேபிளைப் பிரித்து மாட்டி "ஆஹா" என்கிறவரும் அதே இடைவெளியைத் தாண்டித்தானே ஒப்பிடுகிறார்? அவருக்கு மட்டும் நினைவு நின்றுவிடுமா?

அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள் நிஜமாகவே வித்தியாசமாகக் கேட்கிறார்கள். காது தனியாகக் கேட்பதில்லை, மனசும் சேர்ந்துதான் கேட்கிறது. 800 ரிங்கிட் போட்ட பிறகு நாம் கவனமாகக் கேட்கிறோம். கவனமாகக் கேட்டால் இதுவரை கவனிக்காத தபேலா தட்டு ஒன்று, வயலினின் ஓர் இழுப்பு காதில் விழும். அது முன்பும் இருந்தது. இன்னொன்று: வால்யூம் சற்றே கூடினால் போதும், "சத்தம் கூடியது" என்று தோன்றாது, "நன்றாக இருக்கிறது" என்று தோன்றும். மூன்றாவது, தலை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் வெறும் மூன்றரை சென்டிமீட்டர். கேபிளை மாட்டிவிட்டு வந்து சோபாவில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலே ஜால்ராவின் ஒலி மாறிவிடும். அந்த மாற்றம் கருவி வைத்தால் அளவில் தெரியும். கேபிள் தரும் மாற்றம் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்போ அந்த "உம்ம்ம்" எங்கே இருந்து?

இதுதான் பலருக்கும் உள்ள நிஜப் பிரச்சினை. பாட்டை நிறுத்தினாலும் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். இதைப் போக்கத்தான் பலர் கேபிள் வாங்குகிறார்கள், பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் இரைச்சல் பல வகை, வந்த வழியும் பல.

அடித்தொண்டையில் முனகுவது போல ஆழமான "உம்ம்ம்" என்றால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். காரணம், நூற்றுக்குப் பல வீடுகளில், எர்த் வளையம். டிவி ஒரு சுவரில், ஆம்ப்ளிஃபையர் இன்னொரு சுவரில் மாட்டியிருக்கும். இரண்டையும் ஓர் ஆடியோ வயர் இணைக்கும். டிவிக்குக் கூரையில் இருந்து ஆஸ்ட்ரோ டிஷ் கேபிளும் வரும். எர்த்துக்கு இரண்டு மூன்று பாதைகள் கிடைத்து, அவற்றுக்கு நடுவே ஆடியோ வயர் வழியாக ஒரு சிறு கரண்டு சுற்றத் தொடங்குகிறது. அதுதான் முனகல். சோதித்துப் பார்ப்பது எளிது: ஆஸ்ட்ரோ கேபிளை டிகோடரில் இருந்து கழற்றுங்கள். சத்தம் நின்றால் திருடன் மாட்டினான். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டில் இருந்து, ஒரே நல்ல எக்ஸ்டென்ஷனில் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஆடியோ வயருக்கு நடுவில் மாட்டும் சின்ன ஐசொலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்.

"பஸ்ஸ்ஸ்" என்று வண்டு மாதிரி சற்று உயர்ந்த ஒலி வந்தால் அது 100 ஹெர்ட்ஸாக இருக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபையர் என்றால் உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கும். தொட்டியில் ஓட்டை. வெளியே எவ்வளவு விலை உயர்ந்த குழாய் போட்டு என்ன பயன்? ரிப்பேர் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் பெட்டியே முனகினால் அது வேறு கதை: டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. சில ஹேர் டிரையர்களைக் குறைந்த சூட்டில் வைத்தால், அலையின் ஒரு பாதியை மட்டும் இழுத்து இப்படிச் செய்யும். அக்கா தலையைக் காய வைத்து முடித்ததும் நின்றுவிடும்.

மலிவான எல்இடி விளக்கு, ஃபோன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர் எல்லாம் கரண்டுக்குள் உயர் அதிர்வெண் குப்பையைக் கொட்டும் என்பது மெய். பூத்தோட்ட விளக்குகள் பற்றி வரும் சந்தேகத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தூரத்துத் தோட்டத்தைவிட உங்கள் சுவரில், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் மாட்டிய பத்து வெள்ளி சார்ஜர்தான் பெரிய குற்றவாளி. அதை வேறு அறைக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பவர் கேபிளுக்கும் பங்கு உண்டு. சிக்னல் வயரும், முக்கியமாக ரெக்கார்ட் பிளேயரில் இருந்து வரும் மெல்லிய வயரும், பவர் வயரும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளவாக்கில் ஓடினால் இரைச்சல் தொற்றும். ஷீல்டு போட்ட கேபிள் அங்கே உதவலாம். ஒரு சாண் தள்ளி வைத்தாலும், அல்லது குறுக்காகக் கடக்க விட்டாலும் அதே பலன். செலவு இல்லை.

பம்பு ஓடும்போது லைட் மங்குகிறதே, அது? மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டு இழுக்கும். அந்த வட்டாரத்தில் வோல்ட்டேஜ் ஒரு கணம் சரியும். விளக்குக்கு அது தெரியும். ஆம்ப்ளிஃபையருக்குள் தொட்டி இருப்பதால் பாட்டுக்குத் தெரியாது. தினமும் லைட் மோசமாக மங்கினால், அல்லது விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிந்தால், டிஎன்பியிடம் புகார் செய்ய வேண்டும். எங்கேயோ இணைப்பு தளர்ந்திருக்கலாம், அதில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

எர்த் முள்ளை வெட்டாதீர்கள்

இரைச்சலைப் போக்க ஊரில் ஒரு குறுக்கு வழி உண்டு. எர்த்தைக் கழற்றி விடுவது. முனகல் உடனே நிற்கும். "பாத்தியா, சரியாப் போச்சு." ஆமாம், சரியாகத்தான் போகும், ஏனென்றால் வளையம் அறுந்தது. கூடவே உயிர்காக்கும் கம்பியும் அறுந்தது. உள்ளே ஒரு வயர் நழுவி இரும்புப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது மெயின் பெட்டியில் டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும், யாராவது தொடும் வரை. கேமரன் மாதிரி ஈரம் குறையாத ஊரில், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பழக்கமும் நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு முள் பிளக்கை மூன்று முள் பாயிண்டில் மாட்ட, மேல் ஓட்டையில் பேனாவையோ சாவியையோ குத்தி மூடியைத் திறப்பது. நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் அப்பா செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டோம்! அந்த மேல் ஓட்டைதான் எர்த். அங்கே எர்த் முள் நுழைந்தால்தான் கீழ் இரண்டும் திறக்க வேண்டும் என்று வடிவமைத்ததே ஆபத்தைத் தடுக்கத்தான்.

ஆடம்பர கேபிள்களில் இந்த ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. இணையத்தில் வாங்கும் பலவற்றின் முனையில் அமெரிக்க பிளக்கோ, ஐரோப்பாவின் வட்ட பிளக்கோ இருக்கும். அதைப் பயண அடாப்டரில் சொருகி மாட்டினால் பல அடாப்டர்களில் எர்த் சேர்வதே இல்லை. நம்முடைய 13 ஆம்பியர் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸும் இல்லை. அந்த ஃபியூஸ் இருப்பது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற, வயர் சூடாகி வீடு பற்றாமல் இருக்க. போலி கேபிள்களும் தாராளமாக உலவுகின்றன: வெளியே பெரிய பிராண்டு பெயர், உள்ளே அலுமினியத்துக்கு செம்பு பூசிய கம்பி. அலுமினியம் செம்பைவிட மோசமாகத்தான் கடத்தும். விலை கொடுத்து, இலவச வயரைவிட மட்டமான ஒன்றை வாங்கி வந்த கதையாகிவிடும்.

மலேசியாவில் பிளக்கும் வயரும் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்று, சிரிம் முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். புது வயர் தேவைப்பட்டால், பழையது வெடித்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ, பிளக் தொட்டால் சுடுகிறது என்றாலோ, கட்டாயம் மாற்றுங்கள். கம்பத்து எலெக்ட்ரிக் கடையில் முத்திரை போட்ட, உருக்கி வார்த்த பிளக் உள்ள வயர் சில பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் வயரை மாற்றினால் வித்தியாசம் உண்டு.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா?

நல்லது, வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நண்பரிடம் இரவல் வாங்கிய கேபிள் ஒன்றும், பழைய வயரும் போதும். தங்கையோ தம்பியோ உதவிக்கு வேண்டும். நீங்கள் அறைக்கு வெளியே போங்கள். அவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் புதியது, தலை விழுந்தால் பழையது என்று மாட்டட்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்த பிறகுதான் கழற்ற வேண்டும், அவசரம் கூடாது. பின்பக்கத்தைத் துணியால் மூடச் சொல்லுங்கள். வால்யூம் குமிழைத் தொடவே கூடாது. நீங்கள் வந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பாட்டின் ஒரே பகுதியைக் கேட்டு, எது என்று எழுதுங்கள். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், தம்பிகளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

இப்படி 16 முறை. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் 8 வரும். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர, அதிர்ஷ்டத்தால் மட்டும் என்றால் நூற்றில் நான்கு வாய்ப்புக்கும் குறைவு. 12ஐத் தொட்டால், இன்னொரு நாள் இன்னொரு 16 முறை செய்யுங்கள். மறுபடியும் தொட்டால், முதலில் பழைய வயரில் பழுது இருக்கிறதா என்று பாருங்கள். 7, 9 என்று வந்தால் 800 ரிங்கிட் மிச்சம்.

அந்தப் பணத்தில் என்ன செய்யலாம்? ஒலி அதிகம் கெடுவது ஸ்பீக்கரிலும் அறையிலும்தான். பேஸ் குழைந்து கேட்டால் ஸ்பீக்கரை மூலையில் இருந்து அரை மீட்டர் முன்னால் இழுங்கள். சிமெண்டுத் தரையில் ஒரு தடித்த பாய் அல்லது கம்பளம், எதிர்ச் சுவரில் கனமான திரை, துணி அடுக்கிய அலமாரி. வித்தியாசம் அம்மாவுக்கே தெரியும், கண்ணைக் கட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. தகரக் கூரை வீடு என்றால் மழைக்கு முன்னால் எந்த ஹைஃபையும் தோற்கும். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே கண்ணாடிக் கம்பளி போட்டால் மழைச் சத்தம் கணிசமாக அடங்கும், குளிருக்கும் நல்லது.

கொஞ்சம் பணம் மீந்தால், உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தையும், மெயின் பெட்டியில் உள்ள கசிவு டிரிப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் இது முதல் வேலை. இடிக்கு சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம். ஆனால் எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது முழு வேலை செய்யாது, சில பெரிய அடிகளை வாங்கிய பிறகு உள்ளே தேய்ந்தும் போகும்; விளக்கு அணைந்த புரொடெக்டரை மாற்றிவிட வேண்டும். இடி நேராக விழுந்தால் எந்தப் பெட்டியும் தாங்காது. "இடி இடிக்குது, பிளக்க புடுங்கு" என்று பாட்டி கத்துவது மின்னியல் படித்தவர் சொல்வதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளியை மின்னல் சுலபமாகத் தாண்டிவிடும். பிளக்கைக் கழற்றும்போது ஆஸ்ட்ரோ கேபிளையும் இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.